விளக்கு எரிந்தால் போதுமா?



மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டை என்று நம் பக்கத்தில் தண்ணீர் என்றாலே உப்பா, நல்ல தண்ணியா என்றுதான் முதலில் கேட்போம். உப்பு நாக்கில் தெரிந்துவிடும். கிருமி தெரியாது. 1992-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னையில் ஒரு புதுவகைக் காலரா தலைகாட்டியது. ஓ139 என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சில மாதங்களில் அது வங்காளம் வரை போய்ப் பல உயிர்களைக் கொண்டுபோனது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வேலை பார்த்துவந்த அசோக் காட்கில் என்ற இந்திய இயற்பியலாளரை அந்தச் செய்தி உலுக்கிவிட்டது. கிராமத்துக்கு ஆகிற மாதிரி, ஏறக்குறைய 60 வாட் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 15 லிட்டர் தண்ணீரைப் புற ஊதா ஒளியால் சுத்தம் செய்யும் கருவியை அவர் உருவாக்கினார்.

அந்த ஒளியைத்தான் யு.வி. என்கிறோம். 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி கிருமியின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. அதன்பின் கிருமியால் பெருக முடியாது. பெருகாத கிருமி நோய் தராது. குளோரினுக்கு அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் கூட இதற்கு அடங்கும். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் குழாய்த் தண்ணீர் வழியே சுமார் 4 லட்சம் பேரை வயிற்றுப்போக்கில் தள்ளிய கிருமி அது. நியூயார்க் நகரம் இப்போது ஒரு நாளைக்கு 900 கோடி லிட்டர் வரை தண்ணீரை இந்த ஒளியில் காட்டி அனுப்பும் வசதியை வைத்திருக்கிறது.

சரி, விளக்கு எரிகிறது. வேலை செய்கிறது என்று எப்படி நம்புவது?

களத்தில் மிளகாய் வத்தல் காயப்போடுகிறவர்களுக்கு இது விளங்கும். மேலே கிடப்பது சலசலவென்று காய்ந்திருக்கும். அடியில் மாட்டிக்கொண்டதில் ஈரம் இருக்கும். பெரிய குழாயில் ஓடும் தண்ணீரும் இப்படித்தான். விளக்கை ஒட்டிப் போகும் தண்ணீருக்கு நிறைய ஒளி கிடைக்கும். ஓரமாக விரைந்து நழுவுகிற தண்ணீருக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். இதைக் கணக்குப் போட்டு மட்டும் சொல்லிவிட முடியாது. அதனால் உயிரை வைத்தே அளக்கிறார்கள்.

எம்.எஸ்.2 என்று ஒரு வைரஸ். பாக்டீரியாவைத்தான் தாக்கும், மனிதரை ஒன்றும் செய்யாது. முதலில் அதை ஆய்வகத்தில் ஒரு சிறு தட்டில் வைத்து, அளந்த ஒளியைக் காட்டி, எவ்வளவு ஒளிக்கு எத்தனை மிஞ்சுகிறது என்று அட்டவணை எழுதிக்கொள்கிறார்கள். பிறகு நிஜக் கருவிக்குள் ஓடும் தண்ணீரில் கோடிக்கணக்கில் அதே வைரஸைக் கலந்துவிட்டு, வெளியே வருகிற தண்ணீரில் எத்தனை பிழைத்தன என்று எண்ணுகிறார்கள். அட்டவணையோடு ஒப்பிட்டால் கருவி உண்மையில் கொடுத்த ஒளியின் அளவு தெரிந்துவிடும். ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் ஒளி கேட்கின்றன. ஒளியை உறிஞ்சும் தண்ணீரிலும் கருவி தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க, மரக்கூழ் ஆலைக் கழிவிலிருந்து எடுத்த லிக்னின் உப்பையோ காபித்தூளையோ கலந்துகூடச் சோதிக்கிறார்கள். விளக்கின் பலத்தைக் குறைத்தும், ஓட்டத்தைக் கூட்டியும் திரும்பத் திரும்பச் செய்வார்கள். இவ்வளவு பாடுபட்டு வாங்கிய சான்று எனக்குப் பெரிய மதிப்புடையதாகப் படுகிறது.

ஆனால் அந்தச் சான்று, சோதித்த ஓட்டத்துக்கும் சோதித்த தெளிவுக்கும்தான் செல்லும். நம் போர்வெல் தண்ணீர் கடினம். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு, விளக்கைச் சுற்றியிருக்கும் குவார்ட்ஸ் உறையிலும் படியும். படிந்தால் விளக்கு எரியும், ஒளி தண்ணீருக்குள் போகாது. நம் ஊரில் இப்படியொரு கருவி வைத்தால் ஒளியை அளக்கும் உணரி இருக்கிறதா, உறையைத் துடைத்த தேதி எழுதியிருக்கிறதா என்று பஞ்சாயத்தில் தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்று, யு.வி. தண்ணீருக்குள் எதையும் விட்டுவைக்காது. தொட்டியிலிருந்து தெருக்கோடி வரை போகும் குழாயில் எங்காவது ஓட்டை விழுந்து சாக்கடை நுழைந்தால் தடுக்க அங்கே ஒன்றும் இராது. ஆகவே யு.வி. வந்தாலும் குளோரின் தரும் பிளீச்சிங் பவுடரை நிறுத்தக்கூடாது. அந்த வாடை பிடிக்கவில்லை என்று டேங்க் ஆபரேட்டரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு, தயவுசெய்து போகாதீர்கள். இந்தியத் தர நிர்ணயப்படி கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும்.