அழித்தலும் ஆக்கியோன் உரிமையே



ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டதைச் சொல்லி வருந்தாத தமிழ் மேடை இல்லை. எழுதியது அழிந்துபோகுமே என்பது அன்றைய கவலை. அழிக்க விரும்பினாலும் அழியுமா என்பது இன்றைய கவலை.

நம் வட்டத்துக் கவிஞர் ஒருவர் சமூக வலைத்தளம் ஒன்றில் பல்லாண்டுகள் எழுதிவந்தார். மனைவியை இழந்தபின், அவ்வம்மையாரின் படங்களும் தம் துயர வரிகளும் அயலார் பார்வையில் கிடப்பது பொறாமல் கணக்கை மூடினார். ஓராண்டு கழித்து மறதியாகப் பழைய கடவுச்சொல்லை இட்டார். அத்தனையும் அப்படியே எழுந்து வந்தன. அவர் செய்திருந்தது முடக்கம், நீக்கம் அன்று. பிறகு முறைப்படி நீக்கினார். படி எடுத்து வையாத கவிதைகளும் உடன் போயின. “என் சொல்லைத் திரும்பப் பெற நான் யாரிடம் விண்ணப்பிப்பது?” என்று அவர் கேட்டது இன்னும் என் செவியில் இருக்கிறது.

இக்கேள்வி உலகின் மன்றங்களிலும் எழுந்தது. கடனுக்காகத் தம் சொத்து ஏலத்துக்கு வந்ததைப் பற்றிய 1998ஆம் ஆண்டு நாளிதழ் அறிவிப்பு, கடன் தீர்ந்த பின்னும் தம் பெயரைத் தேடுவோர்முன் வந்து நிற்பதாக ஸ்பெயின் நாட்டவர் ஒருவர் முறையிட்டார். அத்தகைய இணைப்புகளைக் கூகுள் நீக்கவேண்டிவரும் என 2014 மே 13 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாளிதழின் ஆவணமோ அழிக்கப்படவில்லை. வரலாறு இருக்கலாம்; அது ஒருவரை ஆயுள் முழுதும் துரத்தலாகாது என்பதே அதன் சாரம்.

நம் நாட்டில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றனர். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தந்த இசைவைத் திரும்பப் பெறவும், தரவை நீக்கக் கோரவும், தம் மறைவுக்குப் பின் அவ்வுரிமையைச் செலுத்த ஒருவரை நியமிக்கவும் வழி சொல்கிறது. 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது, இவ்வுரிமைகள் நடைமுறைக்கு வர 18 மாத கால இடைவெளி குறிக்கப்பட்டது. பிற சட்டங்களுக்காக வைத்திருக்க வேண்டிய தரவுக்கு விலக்கும் உண்டு.

சட்டத்துக்கும் எட்டாத இடம் ஒன்றுண்டு. பிறருக்கு அனுப்பிய மடல் பெற்றவரிடமே தங்கிவிடும். ஆகவே, கவிஞர்களே, நீக்குமுன் படி எடுத்து வையுங்கள். முடக்கத்துக்கும் நீக்கத்துக்கும் உள்ள வேற்றுமையை அறியுங்கள்.

அந்த நண்பரின் கையெழுத்தில் ஐந்து கவிதைகள் நம் வட்டத்தின் குறிப்பேட்டில் எஞ்சியிருந்தன. மலரில் சேர்க்கலாமா என்று கேட்டேன். நெடுநேரம் படித்துவிட்டு, மூன்றை வேண்டா என்றார். அவை மிக நல்ல கவிதைகள். எனினும் சேர்க்கவில்லை, குறிப்பேட்டின் அத்தாள்களை அவரிடமே தந்துவிட்டோம்.