காலைச் செய்தியும் தோட்டத்துச் சம்பளமும்

காலை வானொலியில் உலகச் செய்தி தொடங்கியதும் ஒலியைக் குறைப்பவர்கள் உண்டு. கொரியாவில் நடப்பது சுங்கை சிப்புட்டுக்கு எதற்கு என்பார்கள். 1950இல் அந்தக் கொரியாவில் போர் மூண்டபோதுதான் ரப்பர் விலை கிடுகிடுவென ஏறியது, பிறகு சரிந்தது. பால்மரம் வெட்டியவரின் கூலியும் அந்த விலையோடு கட்டுண்டிருந்தது.

சுங்கை சிப்புட்டே உலகச் செய்தியான காலையும் உண்டு. 1948 ஜூன் 16ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் வட்டாரத்தின் இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாள்களில் மலாயா முழுவதும் அவசரகாலம். அது 1960 வரை நீடித்தது. தோட்டத்து லயங்களைச் சுற்றிலும் முள்வேலி எழுந்தது.

1974 முதல் 2008 வரை இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சாமிவேலு, ஒரு காலத்தில் வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். அரசியலில் அவரை ஏற்காதவர்களும் அந்தக் குரலை மறக்கவில்லை.

ரப்பர் நின்ற இடங்களில் இன்று செம்பனை நிறைய. 2024 செப்டம்பரில் இந்தியா சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை உயர்த்தியது. அதை வாசிக்கும்போது, குலை வெட்டுபவரின் சம்பளத்தை அது எப்படித் தொடும் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும்; ஒலியைக் குறைக்கப் போன கை நிற்கும்.