மட்டிக் கறி சாப்பிட்டிருக்கிறீர்களா?



கிளிஞ்சல் என்றாலே நமக்குச் சுண்ணாம்புதான் ஞாபகம் வரும். அந்த ஓட்டுக்குள் இருக்கிற சதையை நினைப்பவர்கள் குறைவு. பழவேற்காடு, முட்டுக்காடு, பரங்கிப்பேட்டைப் பக்கம் உப்பங்கழிச் சேற்றில் கையால் துழாவி எடுக்கிறார்களே, மட்டி, அதைத்தான் சொல்கிறேன்.

100 கிராம் மட்டிச் சதையில் ஏறக்குறைய 10 கிராம் புரதம் உண்டு. கொழுப்பு சொற்பம். இரும்புச்சத்தும், தானியத்திலும் காய்கறியிலும் கிடைக்காத பி-12 வைட்டமினும் ஏராளம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற நம் பெண்களில் சோகை பிடித்தவர்கள் எத்தனை பேர்! முருங்கைக்கீரையோடு சேர்த்துச் சமைத்தால் கீரையின் இரும்புச்சத்தும் உடம்பில் கூடுதலாகச் சேரும்.

வாங்கும்போது, வாய் பிளந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள். மூடிக்கொள்ளாவிட்டால் செத்தது, எறிந்துவிடுங்கள். மற்றதை உப்புத் தண்ணீரில் சில மணி நேரம் போட்டு வைத்தால் மணலைக் கக்கிவிடும். நல்ல தண்ணீரில் போட்டால் வாயை இறுக்கிக்கொள்ளும். மணல் பல்லில் நறநறக்கும். பிறகு கொதிக்க வையுங்கள், ஓடு தானே திறக்கும். வெந்தும் திறக்காதது வேண்டாம். ஒரு கிலோவுக்குச் சதை 100 கிராம் முன்னே பின்னேதான் தேறும். ஆகவே வெந்த தண்ணீரைக் கொட்டாமல், துணியில் வடிகட்டிக் குழம்பில் ஊற்றுங்கள். சதையைச் சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல் போட்டுப் பிரட்டி உடனே இறக்குங்கள். அடுப்பிலேயே கிடந்தால் ரப்பர்தான்!

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். மட்டி தண்ணீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்பாசியை வடிகட்டித் தின்கிறது. சாக்கடை கலந்தால் அந்த அழுக்கும் அதன் வயிற்றில்தான். சில சமயம் விஷப்பாசி பெருகும். அதைத் தின்ற மட்டி நன்றாகவே இருக்கும். மட்டியைத் தின்ற மனிதனுக்குத்தான் ஆபத்து. 1981-ல் நம் தமிழ்நாட்டிலேயே இப்படி 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 3 பேர் இறந்தார்கள். எவ்வளவு வேகவைத்தாலும் இந்த விஷம் போகாது. தண்ணீர் நிறம் மாறினாலோ, மீன் செத்து மிதந்தாலோ அங்கே எடுத்த மட்டியைத் தொடாதீர்கள். நிறம் மாறாமலும் விஷம் இருக்கலாம். எனவே தினமும் அந்தக் கழியில் இறங்குகிறவர்கள் "இப்போ வேண்டாம்" என்றால் கேளுங்கள். சாப்பிட்டபின் உதடு, நாக்கு மரத்துப்போனால் கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அடுத்து மூச்சுத் திணறல் வரும்.

ஓட்டை வீசாதீர்கள். கழுவிக் காயவைத்து, நொய் மாதிரி இடித்து முட்டைக் கோழிக்குப் போடுங்கள், முட்டைத் தோடு கெட்டிப்படும்.