பிறவித் திறமும் ஆள்வினையும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



இன்று எமக்கு விதிக்கப்பட்ட பொருள் கால்பந்தாட்டத்தைப் பற்றியது. இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து நாட்கழிக்கும் தமிழாசிரியன் ஒருவனுக்கு இப்பொருள் எற்றுக்கு என்று உங்களிற் சிலர் நகைத்தல் கூடும். பொருளை யாம் தேடிச் சென்றிலேம். அதுவே எம்மைத் தேடி வந்தது. நம் கல்வியுதவி நிதியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் விளையாட்டிற் சிறந்த சிறுவர்க்கு ஒதுக்குவதென்று சென்ற கூட்டத்தில் முடிவாயிற்றன்றோ? அதனை யாருக்குக் கொடுப்பது என்ற வினா எழுந்தபோது அன்பர் ஒருவர், 'பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை ஒருநாள் ஆடவிட்டுப் பார்த்தாற் போதும். பிறவியிலே திறம் வாய்ந்தவன் எவன் என்பது தெரிந்துவிடும். முழுத் தொகையையும் அவனுக்கே கொடுப்போம்' என்றார். மற்றோரன்பர், 'திறமாவது ஒன்றாவது! உழைக்கிறவனுக்குக் கொடுங்கள்' என்றார். இருவரும் உரத்துப் பேசினர். வழக்கைத் தீர்க்கும் பொறுப்பு எப்படியோ எம் தலையில் விழுந்தது.

வழக்கு மிகப் பழையது. திருவள்ளுவர் ஊழுக்கும் ஓரதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓரதிகாரம் வகுத்தார். ஒன்றன் வலிமையைச் சொல்லுங்கால் மற்றொன்றை எண்ணித் தயங்கினாரல்லர். ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று ஓவியம் முதலிய கலைகளையெல்லாம் பழக்கத்தின்பாற் படுத்து, நட்பு, இரக்கம், கொடை என்பவற்றையே பிறவியோடு வருவனவாக ஒதுக்குகின்றது. ஓவியத்தைப் பழக்கத்தின்பாற் சேர்த்தவர் பந்தாட்டத்தை எதன்பாற் சேர்த்திருப்பார் என்பது ஊகித்தற்கு எளிதே. எனினும் பாட்டைக் காட்டி வழக்கை முடித்துவிடுதல் எமக்கு உடன்பாடன்று. ஆட்டத்தைப் பற்றிய வழக்கை ஆடினவர்களைக் கொண்டே ஆராய்தல் முறை.

இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் இங்கிலாந்து தேசத்து ஸ்டான்லி மாத்யூஸ். மற்றவர் பிரேசில் தேசத்துக் கரிஞ்சா. இருவரும் மைதானத்தின் வலப்பக்க ஓரத்தில் ஆடியவர்கள். இருவர்க்கும் புகழ் தந்த உபாயமும் ஏறக்குறைய ஒன்றே. எதிரியை உட்புறம் செல்வதுபோல் ஏமாற்றி, அவன் உடல் அப்பக்கம் சாய்ந்த கணத்திலே வெளிப்புறமாகப் பந்தோடு பாய்ந்துவிடுவர். எதிரி இதனை முன்னரே அறிவான், அறிந்தும் ஏமாறுவான். இவ்விருவரையும் நேருக்கு நேர் எதிர்த்து நின்ற ஒருவர் உண்டு. அவர் பிரேசில் அணியின் இடப்பக்கத் தற்காப்பாளராகிய நில்ட்டன் சாண்டோஸ். சான்றுரைக்க இவரினும் தக்கார் யார்?

1953இல் பொட்டபோகோ என்னும் சங்கத்தில் தேர்வாட்டம் ஒன்றுக்குக் கரிஞ்சா வந்தார். அப்போது வயது பத்தொன்பது. பாவு கிராண்டி என்னும் ஆலையூரிற் பிறந்தவர். பதினான்கு வயது முதல் அங்குள்ள நெசவாலையில் வேலை செய்தவர், அதுவும் மேலாளர் மெச்சும்படி செய்தவரல்லர். கால்களிரண்டும் கோணல். வலக்கால் உள்நோக்கியும் இடக்கால் வெளிநோக்கியும் வளைந்திருந்தன. ஒரு கால் மற்றொன்றினும் குறுகியது. இத்தகைய கால்களையுடைய பிள்ளையை நம் வீடுகளிலே பந்தாட விடுவார்களோ? அவரை எதிர்க்க நிறுத்தப்பட்டவர் அந்நாளிலேயே பெரும்பெயர் பெற்றிருந்த நில்ட்டன் சாண்டோஸ். அவரைக் கரிஞ்சா திரும்பத் திரும்ப ஏமாற்றிக் கடந்தார். இவனை எதிரணியில் ஆடவிடலாகாது, நம்மிடமே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சாண்டோஸே சங்கத்தாரிடம் வற்புறுத்தினார் என்று சொல்லுவர்.

மூன்றாண்டு கழிந்து, 1956ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், இலண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தும் பிரேசிலும் ஆடின. அன்று அதே சாண்டோஸை எதிர்த்து ஓடியவர் மாத்யூஸ். சாண்டோஸுக்கு முப்பத்தொன்று நிரம்பவில்லை, மாத்யூஸுக்கோ நாற்பத்தொன்று. எம் வயதொத்தவர்கள் இதனைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டுகிறேம்; மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் பருவம். அவ்வயதினர் உலகத்துச் சிறந்த தற்காப்பாளரை அன்று படாதபாடு படுத்தினார். இங்கிலாந்து நான்கிற்கு இரண்டு கோல் கணக்கில் வென்றது. ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர்க்கெனப் புதிதாக ஏற்படுத்தப்பட்ட தங்கப்பந்துப் பரிசின் முதற் பரிசும் அவ்வாண்டு மாத்யூஸுக்கே கிடைத்தது.

மாத்யூஸ் 1915இல் ஹான்லி என்னும் ஊரிற் பிறந்தவர். தந்தையார் முடிதிருத்தும் தொழிலுடையவர், குத்துச்சண்டை வீரருமாவார். மகனும் குத்துச்சண்டை வீரனாக வேண்டுமென்பது அவர் விருப்பம். மகன் பந்தை விரும்பியபோது மனம் ஒப்பினார். ஆனால் விடியலில் எழுதல், உடற்பயிற்சி, உணவிற் கட்டுப்பாடு என்னும் மூன்றையும் விடவொட்டாமற் செய்தார். சிறுவர் கொல்லைப்புறத்திலே சமையலறை நாற்காலிகளை வரிசையாக இட்டு, அவற்றினூடே பந்தை உருட்டிக்கொண்டு எண்ணற்ற நாழிகை ஓடிப் பழகினார். பிற்காலத்தில் பிளாக்பூல் கடற்கரை மணலிலே காலைதோறும் ஓடினார். மது தொடார்; புகை தொடார்; திங்கட்கிழமைகளில் உண்ணார். சோமவார விரதம் நம் தாய்மார்க்கே உரியது என்று எண்ணியிருந்தோம்! 1953இல் நாட்டுக் கோப்பை இறுதியாட்டத்தில், மூன்றுக்கு ஒன்றெனப் பின்தங்கி நின்ற பிளாக்பூல் அணி நான்குக்கு மூன்றென வென்றதற்கு இவர் ஓட்டமே பெருங்காரணமாயிற்று. 1965ஆம் ஆண்டு பெப்ருவரி 6ஆம் நாள், ஐம்பது வயதும் ஐந்து நாளும் நிரம்பியவராய், முதற் பிரிவில் தம் கடைசிப் போட்டியை ஆடினார். முந்தி ஓய்ந்துவிட்டோமே என்று பின்னர் வருந்தினாராம்.

கரிஞ்சாவின் கதை வேறு. 1958இலும் 1962இலும் பிரேசில் உலகக்கோப்பையை வென்றபோது அவர் அணியில் இருந்தார். 1962இல் பெலே இரண்டாம் ஆட்டத்திலேயே காயமுற்று விலகியபின் அணியைத் தாங்கியவர் இவரே. இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோலும், சிலி நாட்டுக்கு எதிராக இரண்டு கோலும் இவர் அடித்தார். நாட்டுக்காக ஐம்பது முறை ஆடினார். அவற்றுள் ஒன்றே ஒன்றில் தோல்வி, அதுவும் 1966இல் ஆடிய கடைசி ஆட்டம். அதன்பின் வீழ்ச்சி. 1983ஆம் ஆண்டு சனவரித் திங்களில், குடியாற் கெட்ட ஈரல் நோயினால், நாற்பத்தொன்பது வயதில் இறந்தார். மாத்யூஸ் இறுதியாக ஆடிய வயதளவும் இவர் உயிரோடிருந்தாரல்லர்.

இதுகாறுங் கேட்டவர்கள், உழைப்பின் கட்சி வென்றது என்று கைதட்ட விரும்புவீர்கள். சற்றே பொறுங்கள். யாமும் பலகாலம் அங்ஙனமே வகுப்பிற் கூறிவந்தேம். ஆராயுந்தோறும் அது முழு உண்மையன்று என்று தெரிந்தது.

கரிஞ்சா சோம்பர் என்று யார் கண்டார்? பாவு கிராண்டியின் தெருக்களிலும் மேட்டு வெளிகளிலும் அவர் சிறுவயது முதல் வெறுங்காலோடு ஆடியதற்குக் கணக்கு வைத்தவர் எவருமிலர். பயிற்சி என்னும் பெயரால் நடவாத பயிற்சியை நாம் திறம் என்கின்றோம். ஒருவன் விரும்பிச் செய்வதை விளையாட்டு என்றும், விரும்பாமற் செய்வதை உழைப்பு என்றும் பெயரிட்டுவிட்டு, பின்னர் முன்னவனை உழையாதவன் என்று பழித்தல் வழக்காடும் முறையாகாது. அவர் ஆட்டத்தைக் கெடுத்ததும் சோம்பலன்று. வளைந்த கால்கள் முழங்காலைத் தேய்த்தன. தேய்ந்த முழங்காலுக்கு ஊசி குத்தி ஆடவிட்டனர். குடியோ தந்தையாரிடமிருந்து தொடர்ந்த கேடு.

மாத்யூஸோ? நாற்காலிகளை வரிசையிட்டு ஓடிய பிள்ளை ஹான்லியில் அவர் ஒருவர்தானா? நின்ற நிலையினின்று முதற் பத்து அடியில் அவர் பெற்ற வேகத்தை எந்த நாற்காலியும் கற்பித்திராது. நாற்பதாண்டு ஒரு நாளும் தவறாமல் விடியலில் எழும் மனத்திட்பந்தான் எல்லார்க்கும் ஒரேயளவாகப் பங்கிடப்பட்டதோ? உழைக்குந் திறமும் ஒரு திறமே. தருக்க நூலார் குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பர். குடம் மண்ணாலாயிற்றா குயவனாலாயிற்றா என்று இருவர் வழக்கிட்டால் எப்படியோ, அப்படியே நம் சங்கத்து வழக்கும்.

இக்காலத்து இளைஞர்கள் மெஸ்ஸி, ரொனால்டோ என்று இரு கட்சியாகப் பிரிந்து, முன்னவர் பிறவிமேதை, பின்னவர் உழைப்பாளி என்று பேசுவதை வகுப்பறையிலேயே கேட்கின்றேம். மெஸ்ஸிக்குப் பத்துப் பதினொரு வயதில் உடல் வளர்ச்சிக் குறை கண்டது. இரவுதோறும் காலில் மருந்தூசி ஏற்றிக்கொண்டார். 2000இல், பதின்மூன்று வயதில், பிறந்த நாட்டை விட்டு பார்சிலோனா சென்றார். இதில் உழைப்பு இல்லையோ? ரொனால்டோ பன்னிரண்டு வயதில் மதேரா தீவினின்று தனியே லிஸ்பன் நகருக்குப் போனார். திறமில்லாச் சிறுவனை அங்கு யாரும் அழைத்திரார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். குலவித்தை கல்லாமலே கைகூடும் என்ற கருத்தை நம்மவர் மிக்க ஆசையோடு பேசுவதுண்டு. மாத்யூஸின் தந்தையார் குத்துச்சண்டை வீரர், மாத்யூஸ் பந்தாட்டக்காரர், அவர் மகனோ 1962இல் விம்பிள்டனில் சிறுவர் டென்னிஸ் பட்டம் வென்றவர். மூன்று தலைமுறைக்கு மூன்று வித்தை. அவ்வீட்டில் வழிவழி வந்தது விடியலில் எழும் வழக்கம் ஒன்றே என்று எமக்குத் தோன்றுகிறது.

இனி, ஒருநாட் சோதனையைப் பற்றி. ஐரோப்பிய நாடுகளில் இளையோர் அணிகளுக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட சிறுவர்களின் பிறந்த மாதங்களைத் தொகுத்துப் பார்த்தவர்கள் வியப்பான செய்தி ஒன்றைக் கண்டனர். வயதெல்லை தொடங்கும் நாளையொட்டிப் பிறந்த பிள்ளைகளே அணிகளில் மிகுதி. எல்லை முடியும் மாதங்களிற் பிறந்தவர்கள் குறைவு. காரணம் வெளிப்படை. ஒரே வயதுப் பிரிவினராயினும் முதல் மாதத்திற் பிறந்தவன் கடைசி மாதத்திற் பிறந்தவனினும் ஏறக்குறைய ஓராண்டு மூத்தவன். பன்னிரண்டு வயதில் ஓராண்டு என்பது நான்கு விரல் உயரம், ஒரு படி வேகம். பார்ப்பவர் அதனைத் திறம் என்று கொள்கிறார். கொண்டபின், நல்ல ஆசிரியரும் நல்ல போட்டிகளும் அவனுக்கே கிடைக்கின்றன. நான்காண்டு கழித்துப் பார்த்தால் வேற்றுமை மெய்யாகவே விளைந்துவிடுகிறது.

இதனை யாம் பிறர் குற்றமாகச் சொல்லவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன், யாம் பணியாற்றிய பள்ளியொன்றில் தேகப்பயிற்சி ஆசிரியர் நெடுநாள் விடுப்பிற் சென்றபோது, சிறுவர் அணியைத் தெரிந்தெடுக்கும் வேலை எம்மிடம் வந்தது. ஒரே வகுப்பிலிருந்து இரு பிள்ளைகள் வந்தனர். ஒருவன் வாட்டசாட்டமானவன், பந்து அவன் பேச்சைக் கேட்டது. மற்றவன் குள்ளன், விழுந்து விழுந்து எழுந்தான். ஒருமணி நேரம் பார்த்தேம். குள்ளனை அழைத்து, 'தம்பி, உனக்குப் பந்து வராது. புத்தகத்தைப் பார்' என்றேம். அன்போடு சொன்னதாகவே அன்று நினைப்பு. ஆண்டிறுதியிற் பதிவேடு எழுதும்போதுதான் கண்டேம்: இருவர்க்கும் இடையே பதினொரு மாத வேற்றுமை. நெடியவன் இரண்டாண்டிற்குள் பிறர் தன்னை எட்டிப் பிடித்தது பொறாமல் ஆட்டத்தையே விட்டான். குள்ளனைச் சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டிற் கண்டேம். எம்மினும் ஒரு சாண் உயர்ந்து நின்றான். 'ஐயா, அன்று தாங்கள் சொன்ன பிறகு நான் பந்தைத் தொடவேயில்லை' என்று நகைத்துக்கொண்டே சொல்லி, எமக்கு இலை போடச் சென்றான். அவன் பெரிய ஆட்டக்காரனாகியிருப்பான் என்று யாம் கூறமாட்டேம். ஆகியிருப்பானா என்று அறியும் வழியை அடைத்தவர் யாம். அவ்வளவே எமக்குத் தெரியும்.

ஆதலின் சங்கத்தார்க்கு எம் வேண்டுகோள் இது. முழுத் தொகையையும் ஒருவனுக்கு ஒருநாளிற் கொடுத்துவிடவேண்டா. முதலாண்டு அத்தொகையைப் பந்துக்கும் காலணிக்கும் மைதான வாடகைக்கும் செலவிட்டு, வருகிற பிள்ளைகள் அனைவரையும், பெண்மக்கள் உட்பட, ஆடவிடுங்கள். ஈராண்டு கழித்து யார் இன்னும் வருகிறார்கள், யார் சென்ற ஆண்டினும் முன்னேறியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பின்னர்ப் பிரித்துக் கொடுங்கள். யாரையும் 'உனக்கு வராது' என்று அனுப்பவேண்டா. தேகப்பயிற்சி ஆசிரியரிடம் பேசியிருக்கிறேம். அடுத்த மாதம் முதற் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பயிற்சி தொடங்கும். பெற்றோர்கள் பிள்ளைகளின் பிறந்த தேதிச் சான்றையும் உடன் கொண்டுவருக. வருகைப் பதிவேட்டில் பெயருக்கு எதிரே பிறந்த மாதத்தையும் எழுத ஒரு பத்தி கோடிட்டு வைத்திருக்கிறேம்.