நீதிபதியாக விழையும் இளைஞர்க்குச் சட்டத்தின் அடிப்படைகள்
(வெள்ளி விழாச் சொற்பொழிவு)



நம் சமுதாயத்தில் சட்டப் பட்டதாரிகள் பெருகி வருகின்றனர். அவருள் சிலர் உரிமையியல் நீதிபதித் தேர்வெழுத விழைவது கண்டு மகிழ்கிறோம். சட்டத்தின் முப்பெரும் பிரிவுகளை ஆசிரியர் முறையில் ஓர் எடுத்துக்காட்டால் விளக்க முற்படுகிறோம்.

2019 ஆகஸ்டில், அன்றைய வேலூர் மாவட்டம் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டிற்குச் செல்லும் வழி மறுக்கப்பட்டதால் நம் மக்கள் சடலத்தைப் பாலத்தினின்று கயிறு கட்டி இறக்கினர். செய்தியறிந்த சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து விசாரித்தது. இத்தகைய வழி மறுப்பைச் சட்டம் எங்ஙனம் நோக்குகிறது?

முதலாவது, அரசியலமைப்புச் சட்டம். 14ஆம் பிரிவு சமத்துவத்தையும், 21ஆம் பிரிவு வாழ்வுரிமையையும் அளிக்கின்றன; 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றம் அரசுக்கே ஆணையிடலாம். இங்குக் கேள்வி: அரசு தன் கடமையைச் செய்ததா?

இரண்டாவது, குற்றவியல் சட்டம். சாதி காரணமாகச் சுடுகாட்டைப் பயன்படுத்த விடாது தடுப்பது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இங்குக் கேள்வி: தடுத்தவர் யார்? அது நியாயமான ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டதா? 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திற்கு மாற்றாக 1.7.2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயர் மாறினும் இவ்வளவுகோல் மாறவில்லை.

மூன்றாவது, உரிமையியல் சட்டம். வழி ஒருவரது பட்டா நிலத்தின் ஊடே சென்றால் அவர் தரப்பையும் கேட்டாக வேண்டும். பிறர் நிலத்தின் வழியாக 20 ஆண்டுகள் வெளிப்படையாகவும், தடையின்றியும், உரிமையெனவும் சென்று வந்தால், 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி வழியுரிமை கோரலாம். இங்கு ஐயமற்ற மெய்ப்பு வேண்டுவதில்லை. எத்தரப்பின் கூற்று உண்மையாயிருக்கக் கூடுமெனப் பெரிதும் தோன்றுகிறதோ, அத்தரப்பே வெல்லும்.

ஒரே நிகழ்ச்சி, கேள்விகள் மூன்று, அளவுகோல்கள் வேறு. ஆகவேதான் குற்ற வழக்கில் விடுதலை பெற்றவரும் உரிமையியல் வழக்கில் தோற்கக் கூடும். இவ்வேறுபாட்டை உணராது பிரிவு எண்களை மட்டும் மனனம் செய்தல் பயன் தராது.

இளைஞர்களே! இனிக் கூறுவது சற்றுக் கடினமானது. நம் மக்களைத் தடுத்தவன் என்று குற்றஞ்சாட்டப்பட்டவனே நாளை உங்கள் முன் கைகட்டி நிற்கலாம். உள்ளம் கொதிக்கும். எனினும் அவனுக்கும் வழக்கறிஞர் உண்டு. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை அவன் நிரபராதியே. சான்றின்றித் தண்டித்தால் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு வீழும்; பாதிக்கப்பட்டவரே மீண்டும் கண்ணீர் வடிப்பர். சான்றிருந்தும் தயங்கினாலோ, அதுவும் அநீதியே. நமக்கு மறுக்கப்பட்ட நடுநிலையை நாம் எவருக்கும் மறுத்தல் தகாது.

2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், நீதிப்பணியின் தொடக்க நிலையில் சேர மூன்றாண்டு வழக்கறிஞர் பணி வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. சோர்வுற வேண்டா. தாலுகா நீதிமன்றத்தில் அமர்ந்து சாட்சி விசாரணையைக் கூர்ந்து கவனியுங்கள். பட்டியல் சாதியினர்க்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டம் வழங்குகிறது. அதனை நம் ஊர்தோறும் எடுத்துரையுங்கள்.

தமிழகத்தைச் சேர்ந்த நீதியரசர் ஏ. வரதராஜன் 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். ஒடுக்கப்பட்டோரில் அப்பதவியை முதன்முதல் எய்தியவர் அவரே. நீதியரசர் கே. ஜி. பாலகிருஷ்ணன் 2007இல் தலைமை நீதிபதியானார். அவ்வழியில் நடக்க நம் இளைஞர் முன்வருக என வாழ்த்தி அமைகிறோம்.