மடைப்பள்ளியில் ஒரு துறவி

ஊக்கம் அருஞ்செயல் புரிவார்க்கே வேண்டுவது என்பர் சிலர். நான் அதற்கு உடன்படேன். சலிப்பூட்டும் சிறு வேலைக்கே அது மிகுதியும் வேண்டும்.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்னும் கிறிஸ்தவத் துறவி வாழ்ந்தார். முன்னர்ப் போர்வீரர், கால் ஊனமுற்றவர். அவருக்குக் கிடைத்ததோ சமையற்பணி! இயல்பிலேயே அதனை வெறுத்தவர், ஏறத்தாழ 15 ஆண்டுகள் அதனைச் செய்தார். ஆலயத்தில் முழந்தாளிடும்போது அருகிருக்கும் இறைவன், அடுப்பங்கரையிலும் அவ்வாறே இருக்கின்றான் என்பது அவர் துணிபு. வேண்டுதலில் மனம் அலைந்தால் தம்மை நொந்துகொள்ளார். அமைதியாக மீண்டும் இறைவனை நினைப்பார். கணக்கில் மனம் ஓடாத மாணவர்க்கு இதனையே நான் எடுத்துரைப்பதுண்டு.

பின்னர் அவருக்குச் செருப்புத் தைக்கும் பணி தந்தனர். அதனையும் அவ்வாறே செய்தார்.