எவரும் தடுக்காமல் மறைந்த கலை



மறைந்த கலைகளைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். கலை என்றவுடன் சங்கீதத்தையும் சிற்பத்தையும் நோக்கி மனம் செல்வது இயல்பே. ஆயினும், கண்ணும் கையும் காலும் ஒரே கணத்தில் இசைந்து நிற்கவேண்டிய எந்த வித்தைக்கும் அந்தப் பெயர் பொருந்தும் என்று கருதுகிற நான், இன்று உங்களை அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்து மைதானங்களுக்கு அழைத்துச் சென்று, ‘டிராப் கிக்’ என்ற ஓர் உதையின் சரித்திரத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த விளையாட்டு அன்று. 1874-ஆம் ஆண்டில் கனடாவின் மக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் ஹார்வர்டு மாணவர்களோடு விளையாட வந்தபோது, தங்கள் நாட்டில் பழகிய ரக்பி ஆட்டத்தையும் உடன்கொண்டு வந்தார்கள். அதில் மனத்தைப் பறிகொடுத்த ஹார்வர்டு அதைப் பிற கல்லூரிகளுக்கும் பரப்ப, 1876-இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கூடிய கல்லூரிப் பிரதிநிதிகள் ரக்பியைத் தழுவிய விதிகளை ஏற்றுக்கொண்டார்கள். அந்த ரக்பியின் சீதனமாக வந்ததே டிராப் கிக். ஆட்டக்காரன் இரு கைகளாலும் பந்தைச் செங்குத்தாகப் பிடித்துக் கீழே விடுவான். அது தரையைத் தொட்டு மேலெழத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே பாதம் அதைச் சந்திக்க வேண்டும். ஒரு கணம் முந்தினாலும் அது டிராப் கிக் ஆகாது. ஒரு கணம் பிந்தினாலும் குறி தவறும்.

இவ்வளவு கடினமான வித்தையை ஏன் போற்றினார்கள் என்று கேட்கலாம். பந்தைத் தரையில் நிறுத்தி உதைப்பதற்கு அதைப் பிடித்துக்கொள்ள மற்றொருவன் வேண்டும். டிராப் கிக் உதைப்பவனோ தனியொருவனாக நிற்க, மீதிப் பத்துப் பேரும் அவனுக்கு அரணாவார்கள். அவன் உதைக்கப் போகிறானா, பந்தோடு ஓடப் போகிறானா என்பதும் எதிரிக்கு இறுதிவரையில் தெரியாது. பலனும் பெரிது. 1883-இல் வகுத்த கணக்கின்படி, பந்தைச் சுமந்து எல்லைக் கோட்டைக் கடந்து செய்யும் டச்டவுனுக்கு 2 புள்ளிகள்தான். களத்திலிருந்து உதைத்த கோலுக்கோ 5 புள்ளிகள்.

அந்தக் காலத்தின் தலைசிறந்த வித்தகர் பாட் ஓடே. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய இவரைக் ‘கங்காரு’ என்ற அடைமொழியோடு பத்திரிகைகள் கொண்டாடின. 1898-இல் நார்த்வெஸ்டர்ன் கல்லூரிக்கு எதிரே 62 கஜ தூரத்திலிருந்து அவர் அடித்த டிராப் கிக் கோல் கம்பங்களுக்கு நடுவே சென்றது. மறு ஆண்டில் யேல் கல்லூரியோடு மோதிய பிரின்ஸ்டன், ஆட்டம் முடிகிற தறுவாயில் 6-க்கு 10 என்று பின்தங்கி நின்றது. வழக்கமாக உதைப்பவர்கள் களத்தில் இல்லாத அந்நேரத்தில், கவிஞர் எட்கர் ஆலன் போவின் உறவினரான ஆர்தர் போ என்ற இளைஞர் முன்வந்து ஒரு டிராப் கிக் அடிக்க, 11-க்கு 10 என்று பிரின்ஸ்டன் வென்றது. 1913-இல் சார்லஸ் பிரிக்லி ஐந்து கோல்களை உதைத்து, யேலை 15-க்கு 5 என்று ஹார்வர்டு வெல்லும்படி செய்தார். ஹார்வர்டின் அத்தனை புள்ளிகளும் அவர் காலிலிருந்தே பிறந்தன. அவ்வைந்தில் நான்கு டிராப் கிக்குகள்.

இத்தகைய கலை அஸ்தமித்தது எவ்வாறு? களத்துக் கோலின் மதிப்பு 1904-இல் 4 புள்ளியாகவும் 1909-இல் 3 புள்ளியாகவும் இறங்கியது. 1912-இல் டச்டவுனோ 6 புள்ளிக்கு உயர்ந்தது. ஆனால் இதைவிட ஆழமான காரணம் வேறொன்று. இந்த முரட்டு ஆட்டத்தில் இளைஞர் பலர் உயிரிழந்து வர, 1905-ஆம் ஆண்டில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே பெரிய கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசும்படி நேர்ந்தது. மறு ஆண்டில், உடலோடு உடல் மோதுவதைக் குறைத்து ஆட்டத்தை விரிவாக்கும் நோக்கத்துடன், பந்தை முன்னோக்கி எறிய அனுமதித்தார்கள். எறிவதற்கு ஏற்ற பந்து மெலிந்திருக்க வேண்டும் அல்லவா? முனை மழுங்கிய தர்ப்பூசணியைப் போலிருந்த பந்தின் குறுக்குச் சுற்றளவு 1912-இல் 22½ முதல் 23 அங்குலம். 1934-இல் 21¼ முதல் 21½ அங்குலம். முனை கூர்மையாகிய அந்தப் பந்து தரையில் பட்டால் எந்தத் திசையில் துள்ளும் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. பயிற்சியாளர்கள் நிறுத்தி உதைக்கும் முறையை நாடினார்கள்; டிராப் கிக்கைப் பழகுவாரும் அற்றுப்போனார்கள். பெயரை மாற்றிக்கொண்டு பல்லாண்டுகள் மறைந்து வாழ்ந்த பாட் ஓடே கலிஃபோர்னியாவில் மீண்டும் வெளிப்பட்டது அதே 1934-இல் என்பது சரித்திரத்தின் விசித்திரம்.

இந்த உதையை எந்த விதியும் விலக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கல்லூரி ஆட்டத்தின் விதிநூலில் டிராப் கிக் இன்றும் அனுமதி பெற்றே இருக்கிறது. தேசியக் கால்பந்து லீக் என்ற தொழில்முறை அமைப்பின் ஆட்டங்களில் 1941-க்குப் பிறகு ஒருவரும் அதில் புள்ளி பெறாதிருக்க, பாஸ்டன் கல்லூரியில் ஆடிப் புகழ்பெற்ற டக் ஃபுளூட்டி, தமது 43-ஆம் வயதில், 2006-ஆம் ஆண்டின் முதல் நாளில் டச்டவுனுக்குப் பிந்திய கூடுதல் உதையாக அதை உதைத்து ஒரு புள்ளி பெற்றார்; அரங்கம் ஆர்ப்பரித்தது. ஆயினும் அது நினைவாஞ்சலியாக நின்றதே தவிர, மறுமலர்ச்சியாக வளரவில்லை.

முன்னோக்கிய எறிதலை அனுமதித்தவர்கள்மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் இளைஞர்களின் உயிரைக் காக்க முனைந்தவர்கள். ஆனால், ஒரு கலைக்கு அனுமதி இருந்தால் போதும், அது தானே வாழும் என்று நினைப்பது பேதைமை என்பதை இச்சரித்திரம் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது. கருவியின் வடிவம் மாறினால் கையின் பழக்கம் மாறும். பழக்கம் நின்றால் பயிற்றுவிப்பவரும் இலராவர். அதன்பின் கலை ஏட்டளவில்தான் எஞ்சும். ஆகவே, ஏதேனும் ஒரு கலையைக் காக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றும் அன்பர்கள், தீர்மானத்தோடு நின்றுவிடாமல், அக்கலைக்குரிய கருவியைச் செய்வோரையும் அதைக் கற்பிப்போரையும் ஆதரிக்க முன்வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.